தபால் தலை மேல் குத்திய சீலைப் படிப்போம்!



நம்ம ஸ்கூல்ல ஸ்டாம்ப் சேர்க்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க. கவரில் இருந்து ஸ்டாம்பைக் கிழிப்பாங்க. தண்ணீரில் ஊறப்போட்டு உரிப்பாங்க. காயவைத்து நோட்டில் ஒட்டுவாங்க. ஸ்டாம்ப் மேல சீல் கறுப்பாக விழுந்திருந்தால் "அழுக்கு ஸ்டாம்ப்" என்று தூக்கிப் போட்டுடுவாங்க. அந்தச் சீலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஸ்டாம்பைப் பார்த்தால் எந்த நாடு, என்ன விலை என்று தெரியும். லட்சக்கணக்கில் அச்சடிப்பதால் எல்லா ஸ்டாம்பும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் அந்த ஒரு ஸ்டாம்ப் எந்த ஊரில் இருந்து, எந்த நாளில், எப்படிப் போனது என்று தெரியணும்னா சீலைத்தான் பார்க்கணும். அதைத் தூக்கிப் போட்டால் பாதி வரலாறு குப்பைக்குப் போகிறது.

1. சீல் எதற்காக வந்தது?

உலகத்தின் முதல் ஒட்டும் தபால் தலை இங்கிலாந்தில் 1840 மே மாதம் வந்தது. அதற்குப் பெயர் பென்னி பிளாக். ஒருமுறை ஒட்டின ஸ்டாம்பை உரித்து மறுபடியும் ஒட்டி ஏமாற்றக் கூடாது இல்லையா? அதற்காக அதன் மேல் சிலுவை மாதிரி ஒரு முத்திரையைச் சிவப்பு மையில் குத்தினார்கள். ஆனால் சிவப்பு மையைச் சிலர் சுலபமாக அழித்துவிட்டார்கள். கறுப்பு மை குத்தலாம் என்றால் ஸ்டாம்பே கறுப்பு, சீல் தெரியாது. அதனால் 1841-ல் ஸ்டாம்பின் நிறத்தைச் சிவப்பாக மாற்றி, சீலைக் கறுப்பாக்கினார்கள். பாருங்க, சீலுக்காக ஸ்டாம்பே நிறம் மாறியிருக்கு!

நம் நாட்டில் சிந்து பகுதியில் 1852-ல் முதல் தபால் தலை வந்தது. இந்தியா முழுவதற்கும் பொதுவான தபால் தலை 1854 அக்டோபர் 1 முதல் வந்தது.

2. முதலில் சாதாரண சீலைத் தெரிந்துகொள்வோம்

வித்தியாசமானதைக் கண்டுபிடிக்கணும்னா சாதாரணம் எது என்று தெரிந்திருக்க வேண்டும். பொதுவாக நம் ஊர் சீல் வட்டமாக இருக்கும். வட்டத்தின் ஓரத்தில் அஞ்சலகத்தின் பெயர். நடுவில் தேதி, மாதம், வருஷம். புது சீல்களில் பின்கோடு எண்ணும் இருக்கும். எங்க குமணன்சாவடிக்கும் பூந்தமல்லிக்கும் பின்கோடு 600056. முதல் எழுத்து 6 என்றால் தமிழ்நாடு, கேரளா, புதுச்சேரி பக்கம். 600 என்றால் சென்னை. கடைசி மூன்று எண் எந்த அஞ்சலகம் என்று சொல்லும். நாம் தமிழில் பூந்தமல்லி என்று சொன்னாலும் சீலில் ஆங்கில எழுத்தில் 'பூனமல்லி' என்றுதான் இருக்கும். பெயருக்குப் பக்கத்தில் எச்.ஓ. என்று இருந்தால் தலைமை அஞ்சலகம், எஸ்.ஓ. என்றால் துணை அஞ்சலகம், பி.ஓ. என்றால் கிளை அஞ்சலகம்.

இன்னொரு விஷயம். ஸ்டாம்ப் மேல் விழுவது அனுப்பிய ஊரின் சீல். கவரின் பின்பக்கம் விழுவது போய்ச் சேர்ந்த ஊரின் சீல். இரண்டு தேதியையும் கழித்தால் கடிதம் எத்தனை நாள் பயணம் செய்தது என்று தெரிந்துவிடும்.

எங்க பாட்டியிடம் அவங்க அண்ணன் எழுதின இன்லேண்ட் லெட்டர் ஒன்று இருக்கு. "நலம், நலமறிய அவா" என்று தொடங்கி, பாட்டிக்கு மாப்பிள்ளை பார்த்த விவரமெல்லாம் எழுதியிருக்கு. ஆனால் தேதியே போடலை. பாட்டிக்கும் எந்த வருஷம் என்று ஞாபகம் இல்லை. சீலைப் பார்த்தோம். 'ஆரணி, 1971' என்று இருந்தது. "அப்ப எனக்கு கல்யாணம் ஆகி ஐம்பது வருஷத்துக்கு மேல ஆயிடுச்சா!" என்று பாட்டி சொன்னாங்க. கல்யாணப் பத்திரிகை, போட்டோ எதுவும் இல்லாத எங்க வீட்டில் அந்தச் சீல்தான் சாட்சி.

3. வித்தியாசமான சீல்கள்

(அ) ஊர் பெயர் இல்லாமல் வெறும் எண் உள்ள சீல்

1855 வாக்கில் இந்திய அஞ்சலகங்களுக்கு எண் கொடுத்து, அந்த எண்ணையே சீலாகக் குத்தினார்கள். சில பழைய இந்திய ஸ்டாம்பில் 'பி' என்ற ஆங்கில எழுத்தும் 172 என்ற எண்ணும் இருக்கும். 'பி' என்றால் வங்காள வட்டம். சரி, 172 வங்காளத்தில் எந்த ஊர்? அதுதான் வேடிக்கை. அது சிங்கப்பூர்! பி 147 என்றால் பினாங்கு. பி 109 என்றால் மலாக்கா. அந்த ஊர்கள் எல்லாம் அப்போது இந்தியாவில் இருந்த ஆங்கில ஆட்சியின் கீழ் இருந்தன. அதனால் 1867 வரை அங்கே இந்திய ஸ்டாம்புதான். 1867 ஏப்ரலில் அவை இந்திய ஆட்சியில் இருந்து பிரிந்தன. செப்டம்பரில் அவர்களுக்கென்று ஸ்டாம்ப் வந்தது. அதுகூட முதலில் இந்திய ஸ்டாம்ப் மேலேயே கிரீடமும் 'சென்ட்' விலையும் அச்சடித்ததுதான். அதே போல வெறும் 124 என்ற எண் இருந்தால் அது ஏடன் துறைமுகம். அதாவது இன்றைய ஏமன் நாடு.

யோசித்துப் பாருங்க. ஒரே அரையணா ஸ்டாம்ப். சீல் இல்லை என்றால் அது சாதாரண இந்திய ஸ்டாம்ப். பி 172 சீல் இருந்தால் சிங்கப்பூருக்கே அதுதான் முதல் காலத்து ஸ்டாம்ப்.

எண் மட்டும் உள்ள இன்னொரு வகை ராணுவ சீல். அதில் எஃப்.பி.ஓ. என்றும் ஒரு எண்ணும் இருக்கும். களத்தில் உள்ள அஞ்சலகம் என்று அர்த்தம். வீரர்கள் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்று வெளியே தெரியக் கூடாது. அதனால்தான் ஊர் பெயர் கிடையாது. ராணுவத்தில் இருக்கும் அண்ணன்களுக்குக் கடிதம் எழுதும்போதும் ஊர் பெயர் எழுதாமல் '56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' என்றுதான் எழுதுவோம்.

(ஆ) ஊர் பெயர் மாறின சீல், ஊரே இல்லாத சீல்

பழைய சீல்களில் ட்ரிச்சினாப்பொலி, டாஞ்சூர், டின்னவெல்லி, டூட்டிகோரின் என்றெல்லாம் இருக்கும். திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், திருநெல்வேலி, தூத்துக்குடி என்று நமக்குத் தெரியும். நம்ம மெட்ராஸ் 1996-ல் சென்னை ஆனது. அதனால் 'மெட்ராஸ்' என்ற சீலில் வருஷம் சரியாகத் தெரியாவிட்டாலும் ஏறத்தாழ எந்தக் காலம் என்று சொல்லிவிடலாம்.

பாண்டிச்சேரியில் இன்னும் நல்ல வேடிக்கை. அது பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. அவர்களுக்கென்று தனி அஞ்சலகமும் தனி ஸ்டாம்பும் இருந்தன. அதே ஊரில் இந்திய அஞ்சலகமும் வேலை செய்தது. பிரெஞ்சு சீலில் ஊர் பெயரை எழுதும்போது 'ஆர்' எழுத்து ஒன்றுதான் வரும். இந்திய சீலில் இரண்டு 'ஆர்' வரும். ஒரே ஒரு எழுத்தை வைத்து எந்த அரசாங்கத்தின் அஞ்சலகம் என்று கண்டுபிடிக்கலாம்! 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி இந்திய நிர்வாகத்தில் சேர்ந்தது.

இதில் எனக்கு மனசு கஷ்டமான சீல் 'தனுஷ்கோடி'. 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு எழும்பூரில் இருந்து ரயிலில் தனுஷ்கோடிக்குப் போய், அங்கே கப்பல் ஏறித் தலைமன்னாருக்குப் போகலாம். அந்த ரயிலுக்கு 'போட் மெயில்' என்று பெயர். ஊரில் ஸ்டேஷன், சர்ச், கடைகள், போஸ்ட் ஆபீஸ் எல்லாம் இருந்தன. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊர் அழிந்தது. வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலையும் கடல் கொண்டுபோனது. அதற்குப் பிறகு அது மக்கள் வாழத் தகுதியில்லாத ஊர் என்று அரசு அறிவித்தது. போஸ்ட் ஆபீஸின் இடிந்த சுவரை இன்றும் சுற்றுலா போகிறவர்கள் பார்க்கிறார்கள். அந்த ஊரின் சீல் உள்ள ஒரு கவர் யார் வீட்டுப் பெட்டியிலாவது இருந்தால், ஒரு சாதாரண நாளில் அங்கே ஒருத்தர் உட்கார்ந்து கடிதம் எழுதி, இன்னொருத்தர் சீல் குத்தியிருக்கிறார் என்று அர்த்தம். அதைத் தண்ணீரில் ஊறப்போடலாமா? நீங்களே சொல்லுங்க.

(இ) ஓடுகிற ரயில், கப்பல் சீல்

ஆர்.எம்.எஸ். என்று போட்ட சீல் ரயில் அஞ்சல் சேவையுடையது. முன்பு ரயிலில் தபால் பெட்டிக்கென்று ஒரு கோச் இருக்கும். ஊழியர்கள் ஓடும் ரயிலிலேயே நின்றுகொண்டு கடிதங்களை ஊர் வாரியாகப் பிரிப்பார்கள். தாமதக் கட்டணத்துக்கு கூடுதல் ஸ்டாம்ப் ஒட்டி நேராக ரயில் பெட்டியிலேயே கடிதம் போடலாம். அப்படிப் போட்ட கடிதத்தில் ஊர் பெயர் சீல் இருக்காது, ரயில் பிரிவின் சீல்தான் இருக்கும். அதில் ஆங்கில எழுத்தைக் கவனியுங்கள். 'எம்' என்றால் சென்னைப் பிரிவு, 'எம்.ஏ.' என்றால் மதுரை, 'சி.பி.' என்றால் கோயம்புத்தூர். கூடவே 'அவுட்' என்று இருந்தால் ரயில் போகும்போது, 'இன்' என்று இருந்தால் திரும்பி வரும்போது. கூடுதல் ஸ்டாம்ப் ஒட்டாமல் போட்டுவிட்டால் 'தாமதக் கட்டணம் செலுத்தாததால் நிறுத்திவைக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் ஒரு சீல் விழும்.

கப்பலில் போகும்போது எழுதின கடிதத்தை அடுத்த துறைமுகத்தில் கொடுப்பார்கள். அதில் 'பாக்கெபோ' என்ற பிரெஞ்சுச் சொல் குத்தியிருக்கும். அதனால் ஒரு நாட்டின் ஸ்டாம்ப் மேல் வேறு நாட்டின் துறைமுக சீல் இருக்கும். இதைத் தப்பு என்று நினைக்க வேண்டாம். விதிப்படி சரிதான்.

(ஈ) செய்தி சொல்லும் சீல்

1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத்தில் இருந்து யமுனை ஆற்றைத் தாண்டி நைனிக்கு ஒரு சின்ன விமானம் சுமார் 6,500 கடிதங்களோடு பறந்தது. ஓட்டினவர் ஆன்ரி பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர். உலகத்தில் அதிகாரப்பூர்வமாக விமானத்தில் போன முதல் தபால் அதுதான். அந்தக் கடிதங்களுக்கு என்றே விமானப் படம் போட்ட தனி சீல் செய்து, கறுப்பு மைக்குப் பதிலாக கருஞ்சிவப்பு மையில் குத்தினார்கள்.

1947 ஆகஸ்ட் 15 அன்று 'ஜெய் ஹிந்த்' என்று ஒரு சீல் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் ஸ்டாம்ப் 1947 நவம்பர் 21-ல்தான் வெளியானது. அப்படியானால் ஆகஸ்ட் 15 அன்று எந்த ஸ்டாம்ப் மேல் ஜெய் ஹிந்த் குத்தினார்கள்? ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட ஸ்டாம்ப் மேலேதான்! ஸ்டாம்பில் பழைய ஆட்சி, சீலில் புதிய நாடு. நம் வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு பாடம் முழுக்கச் சொல்வதை அந்த ஒரு சின்னக் காகிதம் காட்டிவிடுகிறது.

மாமல்லபுரம், கன்னியாகுமரி மாதிரி சுற்றுலா ஊர்களில் அந்த ஊரின் படம் போட்ட சீல் எப்போதும் இருக்கும். கேட்டால் குத்தித் தருவார்கள். நம் நாட்டு சீல்களில் ரொம்ப தூரத்துச் சீல் எது தெரியுமா? அண்டார்டிகா! 1984-ல் தட்சிண கங்கோத்ரி ஆராய்ச்சி நிலையத்தில் அஞ்சலகம் திறந்தார்கள். பிறகு மைத்ரி நிலையத்துக்கு மாற்றினார்கள். 2024 ஏப்ரலில் பாரதி நிலையத்திலும் ஒன்று திறந்தார்கள்.

(உ) சீல் மாதிரி இருக்கும், ஆனால் ஸ்டாம்பைச் செல்லாததாக்கும் சீல் இல்லை

வட்டத்துக்குள் ஆங்கில 'டி' எழுத்து இருந்தால் ஸ்டாம்ப் குறைவாக ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். வரி என்ற பிரெஞ்சுச் சொல்லின் முதல் எழுத்து அது. கடிதம் வாங்குகிறவர் பணம் கட்ட வேண்டும். நம்ம பெரியவங்க இதைத்தான் 'பேரிங் லெட்டர்' என்று சொல்வாங்க. குறைவான தொகையைப் போல இரண்டு மடங்கு கட்டணும்.

ஸ்டாம்ப் மேல் பேனாவில் கையெழுத்து இருந்தால் அது தபாலில் போகாமலே இருந்திருக்கலாம். 1906 முதல் பல ஸ்டாம்பில் 'அஞ்சல் மற்றும் வருவாய்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்தார்கள். அதைப் பணம் வாங்கின ரசீதிலும் ஒட்டிக் கையெழுத்துப் போடலாம்.

இன்னொன்று. மூலையில் அழகாகக் கால் வட்ட சீல் இருக்கும், ஆனால் பின்னால் பசை அப்படியே இருக்கும். அது சேகரிப்பவர்களுக்கு விற்பதற்காகவே சீல் குத்தினது. எந்த வீட்டுக்கும் போகாத ஸ்டாம்ப்.

4. துப்பறியும் வழிகள்

* வருஷம் '12' என்று மட்டும் இருந்தால் 1912-ஆ, 2012-ஆ? விலையைப் பாருங்கள். அணா என்றால் பழசு. 1957 ஏப்ரல் 1 முதல் நயா பைசா. 1964 ஜூன் முதல் 'நயா' போய் வெறும் பைசா.

* சீலில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகுதான். அன்றுதான் பின்கோடு வந்தது.

* ஸ்டாம்ப் வெளியான நாளுக்கு முன்னால் உள்ள தேதியில் பொதுவாக சீல் இருக்காது. அப்படி இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

* சிவப்பு ஸ்டாம்ப் மேல் கறுப்பு சீல் சரியாகத் தெரியவில்லையா? சிவப்புக் கண்ணாடிக் காகிதம் வழியாகப் பாருங்கள். சிவப்பு மங்கிப் போய் கறுப்பு மட்டும் பளிச்சென்று தெரியும். அறிவியல் பாடத்தில் படித்த ஒளியும் நிறமும் இங்கே உதவுது.

* ஒரு ஸ்டாம்பில் பாதி சீல்தான் இருக்கும். பட்டர் பேப்பர் வைத்து அந்தப் பாதியை வரைந்துகொள்ளுங்கள். அதே ஊரின் வேறு சீல் கிடைக்கும்போது மேலே வைத்துப் பார்த்தால் முழுப் பெயரும் கிடைக்கும்.

5. எப்படிப் பத்திரப்படுத்துவது?

முழுக் கவரையும் அப்படியே வைத்துக்கொள்வதுதான் நல்லது. இடம் இல்லை என்றால் ஸ்டாம்பைச் சுற்றி, சீல் முழுவதும் வரும்படி தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள். செல்லோ டேப் ஒட்டவே கூடாது, மஞ்சளாகிக் கறை பிடிக்கும். குறிப்பு எழுத வேண்டுமென்றால் பின்பக்கம் பென்சிலில் லேசாக எழுதுங்கள்.

6. இப்போது ஏன் அவசரம்?

இப்போது கவுன்டரில் கடிதம் கொடுத்தால் பெரும்பாலும் பார்கோடு ஸ்டிக்கர்தான் ஒட்டுகிறார்கள். 2025-ல் பதிவுத் தபாலையும் விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். ஸ்டாம்ப் ஒட்டி, கையால் சீல் குத்தி வரும் கடிதம் குறைந்துகொண்டே போகுது. இன்னொரு பக்கம் வீடு மாறும்போதும் பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும்போதும் பழைய கடிதக் கட்டுகள் எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போகுது. எடைக்குப் போட்டால் சில ரூபாய்தான் கிடைக்கும். அதோடு போகிற தாத்தா பாட்டி எழுத்தும், ஊர் பெயரும், தேதியும் திரும்பக் கிடைக்காது. அதனால் போடுவதற்கு முன்னால் ஒருமுறை சீலைப் பாருங்க. வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டுவிட்டு எடுத்து வையுங்க.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அஞ்சல் துறை 2017-ல் 'தீன் தயாள் ஸ்பர்ஷ்' என்ற உதவித்தொகையைத் தொடங்கியது. ஸ்டாம்ப் சேகரிக்கும் 6 முதல் 9-ஆம் வகுப்பு மாணவர்களுக்கு வருஷத்துக்கு 6,000 ரூபாய். வினாடி வினாவும் செயல்திட்டமும் வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். 60 சதவீத மதிப்பெண் வேண்டும். பள்ளியில் அஞ்சல்தலை மன்றம் இருக்க வேண்டும், இல்லையென்றால் மாணவர் தன் பெயரில் 200 ரூபாய் கட்டி அஞ்சல்தலைக் கணக்கு தொடங்க வேண்டும். சென்னையில் அண்ணா சாலை தலைமை அஞ்சலகத்தில் அதற்கான பிரிவு இருக்கிறது. நம் பள்ளியில் ஒரு மன்றம் தொடங்கினால் தங்கச்சி தம்பிகளுக்கு ரொம்ப உதவியாக இருக்கும். நான் ஒன்பதாம் வகுப்பு, எனக்கு இதுதான் கடைசி வருஷம். ஆனாலும் மன்றத்துக்கு என்னிடம் இருக்கும் கவர்களைக் கொடுக்கத் தயார்.

கண்டுபிடிங்க பார்க்கலாம்!

1. காந்தித் தாத்தா படம் போட்ட முதல் இந்திய ஸ்டாம்ப் மேல் '1947' என்ற சீல். சரியா?
2. சீலில் 600056 என்று இருக்கு. வருஷம் '68' என்று இருக்கு. நம்பலாமா?
3. மன்னர் தலை போட்ட ஸ்டாம்ப் மேல் 'ஜெய் ஹிந்த்' சீல். போலியா?

விடைகள்:
1. சரியில்லை. அந்த ஸ்டாம்ப் 1948 ஆகஸ்ட் 15-ல்தான் வெளியானது.
2. நம்பக் கூடாது. 1968-ல் பின்கோடு கிடையாது.
3. இல்லை. 1947-ல் மன்னர் ஸ்டாம்ப் மேல்தான் அந்த சீலைக் குத்தினார்கள்.

மூன்றும் சரியாகச் சொன்னவர்கள் உங்கள் வீட்டில் கிடைக்கும் வித்தியாசமான சீலைத் தாளில் வரைந்து கொண்டு வாங்க. அடுத்த இதழில் உங்கள் பெயரோடு போடுவோம். கவரை வெட்டாமல் கொண்டு வாங்க!